பின் சீட்டு நடுக்கம்

கை தட்டினது போதும்யா, உக்காருங்க. ஆயுத பூஜைக்கு வண்டியெல்லாம் மாலை போட்டு வரிசையா நிக்குது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு குட்டிக் கதை ஞாபகம் வருது... அதைச் சொல்லிட்டு மைக்கைக் குடுத்துடறேன். டிரைவர் சங்கத்துல சொல்லாம இதை வேற எங்க சொல்றது?

தண்டபாணின்னு ஒருத்தர். மில்லுல சூப்பர்வைசரா இருந்து ஓய்வு பெற்றவர். பழைய டீசல் அம்பாசிடர் வச்சிருந்தார். பொண்டாட்டியைக் கூட சில நாள் மறப்பார், வண்டியைத் துடைக்க மறக்க மாட்டார். சிரிக்கிறீங்க... உங்கள்லயும் அப்படிப் பல பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்!

ஐப்பசி மாசம், அடைமழை. மத்தியானம் மூணு மணி. கடைக்குப் போய்ப் புது சீட் கவர் போட்டுக்கிட்டு வந்து இப்பத்தான் வண்டியை வாசல்ல நிறுத்தியிருக்கார். வெள்ளை வெளேர்னு கவர். எதிர்வீட்டு லூர்துராஜ் ஓடி வர்றான். பூட்டுப் பட்டறைக்காரன். நனைஞ்சுக்கிட்டே வண்டி முன்னாடி என்ஜின் மூடியில, அதான் பானட்ல, கையை ஊனிக்கிட்டு நிக்கிறான்.

"அண்ணே, என் பொண்ணு செல்வமேரிக்குக் காய்ச்சல்ண்ணே. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. ஆஸ்பத்திரி வரைக்கும்ண்ணே..."

தண்டபாணி கண்ணு எங்க போச்சு? சீட் கவருக்குப் போச்சு. காய்ச்சல்காரி வாந்தி எடுத்துட்டா?

"அடடா! என்ஜின் மவுண்டிங் போயிருச்சே லூர்து. ஸ்டார்ட் பண்ணா வண்டியே ஆடுது. நடுவழியில நின்னுட்டா அந்தப் பிள்ளைக்குத்தானே கஷ்டம்?"

எவ்வளவு அக்கறை பாருங்க! லூர்துராஜ் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தான். "சரிண்ணே"ன்னான். போயிட்டான். ஆட்டோ தேடிப் பிடிச்சு, ரெண்டு பக்கமும் சாரல் அடிக்க அடிக்கக் கூட்டிக்கிட்டுப் போனான்.

மூணாம் நாள் அந்தப் பொண்ணு போயிருச்சு.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, தண்டபாணி காலையில வண்டியை எடுக்கிறார்... வண்டி ஆடுது.

எது போச்சுன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ, அதே ஆட்டம்! நேரா மெக்கானிக் நாசர் பாய்கிட்ட விட்டார். "பாய், மவுண்டிங் எல்லாத்தையும் மாத்திருங்க."

மவுண்டிங்னா உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பின்னாடி நிக்கிற தாய்மார்களுக்காகச் சொல்றேன். என்ஜினுக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர். என்ஜின் எவ்வளவு துடிச்சாலும் அது வாங்கிக்கும். உள்ள இருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. இதை மனசுல வச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

பாய் கழட்டிப் பார்த்தார். "ஏண்ணே, ரப்பர்ல ஒரு வெடிப்பு கூட இல்ல. நல்லதைப் போய்க் கழட்டச் சொன்னீங்களே?" இருந்தாலும் புதுசு போட்டார். முன்னாடி ரெண்டு, கியர் பாக்ஸுக்கு அடியில ஒண்ணு. ஸ்டார்ட் பண்ணா... ஆடுது.

பாய் என்ன பண்ணார்? ஒரு டம்ளர் தண்ணியைப் பானட் மேல வச்சார். அலை கூட இல்ல. அதையே எடுத்து முன் சீட்டுல வச்சார். அசையல. பின் சீட்டுல வச்சார்... தண்ணி தளும்பி வெள்ளைக் கவர்ல கொட்டுது!

பாய் பின் சீட்டுல ஏறி உக்காந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். இறங்கி வந்தவர் முகத்துல ரத்தமே இல்ல.

"அண்ணே... என்ஜின் ஆட்டம்னா ஒரே சீரா இருக்கும். இது விட்டு விட்டு வருது. குளிர் காய்ச்சல்காரங்க நடுங்குற மாதிரி வருதுண்ணே."

"என்ஜினை நிறுத்துங்க பாய்!"

"நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு... டம்ளரைப் பாருங்க."

தண்ணி தளும்பிக்கிட்டே இருக்கு.

பாய் மெதுவாக் கேட்டார். "இந்த இடத்துல யாருண்ணே உக்காந்திருந்தது?"

தண்டபாணி நனைஞ்ச கவரையே பார்த்தார். "யாரும் உக்காரல பாய்... நான் உக்கார விடல."

வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்தே லூர்துராஜ் பட்டறைக்குப் போனார். அவன் சாவிக்கு அரம் போட்டுக்கிட்டு இருந்தான்.

"லூர்து, அன்னைக்கு வண்டி நல்லாத்தான்ப்பா இருந்துச்சு..."

அவன் தலை நிமிரல. "தெரியும்ண்ணே. பானட்ல கை வச்சுக்கிட்டுத்தானே கேட்டேன்? ஓடாத வண்டின்னா அந்த மழையில சில்லுன்னு இருந்திருக்கணும். கை சுட்டுச்சு."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே தம்பி!"

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்க. அதைக் கேக்க எனக்கு அன்னைக்கு நேரமில்லண்ணே."

...

தண்டபாணி அன்னைக்கே அந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டார். இப்ப வண்டிச் சாவி அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளிய ஆணியில தொங்குது. யாருக்கு உடம்பு முடியலைன்னாலும் அவரை ஒரு குரல் கூப்பிட்டாப் போதும், கிளம்பிடுவார்.

ஆட்டம் நின்னுச்சான்னுதானே பார்க்கிறீங்க? நானும் கேட்டேன். அவர் சொன்னார்: "தனியாப் போறப்ப பின்னாடி நடுங்குது சார். நோயாளி யாராவது ஏறுனா நின்னுருது. யாரோ நகர்ந்து இடம் விடுற மாதிரி..."

பேய்க்கதை சொல்லிட்டுப் போறான்னு நினைக்காதீங்க. பேயை நம்புங்க, நம்பாமப் போங்க, அது உங்க இஷ்டம். நான் சொல்ல வந்தது அந்த ரப்பரைப் பத்தி. அடுத்தவன் நடுக்கம் நமக்கு ஏறக் கூடாதுன்னு நாமளும் ஒரு ரப்பர் வச்சிருக்கோமா இல்லையா? 'டீசல் இல்லப்பா', 'டிரிப்பு இருக்குப்பா', 'பிரேக் சரியில்லப்பா'... எத்தனை ரப்பர்!

நாளைக்கே உங்க ஸ்டாண்டுக்கு ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டு ஓடி வருவான். உங்க வாயில ஒரு மவுண்டிங் தயாரா இருக்கும். அதைச் சொல்றதுக்கு முன்னாடி உங்க பானட்டை ஒரு தடவை தொட்டுப் பாருங்கய்யா.

அவன் ஏற்கெனவே தொட்டிருப்பான்.