மூன்றாவது ஓலை

— அஞ்சாம் ஜார்ஜ் ராசா பட்டத்துக்கு வந்த வருசம் மிசன் பள்ளிக்கூடத்து மேனேசர் ஐயர் காலப் பிடிச்சு நான் வாங்கித் தந்த வாத்தியார் வேலை. அத வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கீரு. ஏன்னு கேட்டா ‘சந்தோசம் இல்ல’ங்கீரு. பாக்கியசீலன், உமக்குப் புத்தி பெரண்டு போச்சா வே?

— இல்ல மாமா. ஒரு நாளாவது சந்தோசமாப் பள்ளிக்கூடத்துக்குப் போனேனான்னு யோசிச்சுப் பாத்தேன். போனதே இல்ல.

— சந்தோசமாப் போவதுக்கு அது என்ன திருவிழாவா? நான் கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரில குமாஸ்தா. சந்தோசமாவா இருக்கேன்? தலையெழுத்தேன்னு போறேன், வாறேன். ஆனா இந்தத் தேவசிகாமணியக் கண்டா நாலு பேரு எந்திரிச்சு நிக்கான். அதுக்குப் பேருதான் உத்தியோகம்.

— என்னையக் கண்டாலும் புள்ளைக எந்திரிச்சுத்தான் நிக்கும். அதுக மூஞ்சியும் சுருங்கிப் போவும், என் மூஞ்சியும் சுருங்கிப் போவும்.

— அதுக்கு? அடுப்பூதப் போறீராக்கும்?

— சாப்பாட்டுக்கடை வைக்கப் போறேன் மாமா. போன அசனத்துல நான் ஆக்குன கறிக்கொழம்ப நீங்கதான திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி…

— தின்னேன். கோயில் அசனம்னா ஊரே சேந்து ஆக்கும், ஊரே உக்காந்து திங்கும். அது ஊழியம். அதுக்காவக் கரண்டியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடுரோட்டுக்கு வந்துருவீரா?

— அன்னைக்கு அண்டா முன்னால நின்னேம்லா, புகையில கண்ணு எரியுது, வேர்த்து ஊத்துது, எனக்குப் பாட்டு வந்துச்சு மாமா. வகுப்புல ஒரு நாளும் வந்ததில்ல.

— பாட்டு வந்துச்சாம்லா! கொட்டாவி வந்தா ஊர விட்டே போயிருவீரு போல. சரி, கடைய எங்கன வைக்கீரு?

— கச்சேரிக்கு எதுத்தாப்புல.

— எது, என் கச்சேரிக்கா? நல்லாருக்கு வே! உள்ள நான் பேனாவப் பிடிச்சிருக்கேன், வெளிய என் மருமவன் எச்சில எடுக்கான். ‘என்ன தேவசிகாமணி, உம்ம மருமவன் ரசத்துல இன்னைக்கு உப்பு கூட’ன்னு எங்க சிரஸ்தார் சொல்லணும், நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்!

— அவரு வரமாட்டாரு மாமா. நம்ம கையால அவரு தண்ணி கூடக் குடிக்க மாட்டாரு.

— வாயப் பாரு. கோயில்ல உமக்கும் ஹெப்சிக்கும் கல்யாணம்னு ஓலைய ரெண்டு ஞாயித்துக்கெழமை வாசிச்சாச்சு. நாளைக்கு மூணாவது. முன்னமே சொல்லித் தொலைச்சிருந்தா மொத ஓலையிலயே நானே தடை சொல்லிருப்பேன். இப்ப நிறுத்துனா ஊரு சிரிக்கும். நடத்துனா கச்சேரி சிரிக்கும்.

— சிரிச்சா சிரிக்கட்டும். மனசுக்குப் பிடிச்ச வேலைய ஒரு ஆளுட்டருந்து பிடுங்குதது பாவம் மாமா.

— பிரசங்கம் வேற! சரிவே, எம் மவளுக்கு எப்படிக் கஞ்சி ஊத்துவீரு?

— ஹெப்சிபாவும் கடைக்கு வந்துருவா. கல்லாவுல இருந்துக்கிடுவா, மசாலாவும் பாத்துக்கிடுவா. பொம்பளப்புள்ளைக பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மாவ நேத்தே பாத்துட்டேன். ‘கல்யாணத்தோட ஹெப்சிபா நின்னுக்கிடுவா, வேற டீச்சரம்மா பாத்துக்கிடுங்க’ன்னு சொல்லியாச்சு.

— நீரு செஞ்சதுல அது ஒண்ணுதான் உருப்படியான காரியம். சாக்கட்டியப் பிடிச்சு அவ கிழிச்சது போதும். சரி, போவட்டும், நாளைக்கு ஓலை வாசிக்கட்டும். ஏட்டி ஹெப்சி! கதவுக்குப் பின்னால நிக்கது தெரியுது. வா இங்கன. எல்லாம் காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சுப்பா.

— உனக்குச் சந்தோசந்தான ஹெப்சிபா?

— அதக் கேக்கணும்னு இப்பதான் தோணுச்சாக்கும். ஒரு புள்ள மொத மொதல்ல தம் பேர எழுதிட்டு நிமுந்து பாக்கும்லா, அப்ப எனக்கும் பாட்டு வரும். உங்க அண்டாவுக்கு மட்டுந்தான் வரும்னு நெனச்சீயளோ?

— அது இல்ல ஹெப்சிபா, நான் என்ன நெனச்சேன்னா…

— வாய மூடுட்டி. மொதல்ல நாளைக்கு ஓலை முடியட்டும். பெறவு பேசிக்கிடலாம்.

— ஓலைய வாசிச்சுட்டு, ‘தடை சொல்லுதவங்க உண்டா’ன்னு பாதிரி ஐயர் கேப்பாருல்லாப்பா? நீங்க ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சுக்கிடுங்க. பொம்பளைக பாயிலருந்து நான் எந்திரிப்பேன்.