குடும்பத்தோடு பார்க்கச் சொன்ன அண்ணாச்சிக்கு

பண்பின் பெட்டகமே! பணியில் பழுதறியாப் பாண்டியே! தென்காசிக் கோபுரவாசல் காற்றைப் போல ஓய்வறியாது உழைத்தவரே! பருப்பின் எடையில் ஒருநாளும் பிசகாதவரே, படத்தின் எடையில் ஒரே ஒருநாள் பிசகியவரே! எங்கள் சுந்தரபாண்டி அண்ணாச்சி அவர்களே, வணக்கம்!

மலைச்சாரல் கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பத்தோராண்டு பணியாற்றி, மேலாளராக இன்று ஓய்வுபெறும் தங்களைப் பற்றி நேர்மை, நிதானம், நேரந்தவறாமை என்று எல்லா மடலிலும் எழுதுவதை நாங்களும் எழுதலாம். எழுதியாயிற்று. இனி, இந்த மண்டபமே காத்திருக்கும் கதைக்கு வருவோம். தலையைக் குனியாதீர்கள் அண்ணாச்சி, மாலை நழுவுகிறது. தங்கள் முகம் பார்த்துச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருப்பதால், வேறு யாரோ ஓர் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறோம்.

ஞாயிறன்று பார்த்த படத்தையும் படித்த நூலையும் திங்கட்கிழமை டீயோடு சேர்த்து ஆற்றிக் கொடுப்பது அந்த அண்ணாச்சியின் வழக்கம். அவர் சொன்ன நாவலை வாங்கிய செல்லச்சாமி, ஒரு வாரம் பில் போட்டபடியே மூக்கைச் சிந்தினார். அவர் வேண்டாமென்ற படத்துக்கு எங்களில் ஒருவரும் போனதில்லை. அப்படியொரு நம்பிக்கை!

போன குற்றாலச் சாரல் பருவத்தில்தான் வந்தது வினை. ஒரு ஞாயிறு, அண்ணாச்சி குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவியில் ஆசைதீர நின்று, பிரியாணியை ஒரு கை பார்த்து, அப்படியே தென்காசிக்கு வந்து மேட்னிக்குள் நுழைந்தார். இடைவேளை வரை திரையில் மாமியார் மருமகளுக்குச் சோறு ஊட்டினாள். அதற்குப் பிறகு அண்ணாச்சி கண்டதெல்லாம் சொந்தக் கனவு. அருவியில் குளித்தவன் தூங்குவான் என்பது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால், தூங்கிவிட்டேன் என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. “குடும்பத்தோட பாருங்க” என்றார் திங்கட்கிழமை.

கணக்குப் பார்க்கும் சங்கரேஸ்வரி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மகள் அபிக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து சம்பந்தியம்மாள் மாடத்தியை வரவழைத்து, நடுவரிசையில் உட்காரவைத்தார். இடைவேளைக்குப் பின் திரையில் மருமகள் மாமியாரைக் கிணற்றில் தள்ளினாள். கொட்டகையே விசிலடித்தது. மாடத்தியம்மாள் எழுந்துவிட்டார். “இதக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தியளாக்கும்?” என்றவர், அடுத்த பஸ்ஸில் ஏறியே போய்விட்டார். அதன்பின் போனை எடுக்கவில்லை.

“அண்ணாச்சி, அந்தக் கெணத்துச் சீனப் பாத்துட்டா குடும்பத்தோட போவச் சொன்னிய?” என்று சங்கரேஸ்வரி டீ நேரத்தில் கேட்டார், கண்ணெல்லாம் சிவந்து.

“எந்தக் கெணறு?” என்றார் அண்ணாச்சி.

அவர் காது இரண்டும் மிளகாய்வற்றலாகச் சிவந்ததை நாங்கள் பார்க்காதது போலப் பார்த்தோம்.

மறுநாளே சங்கரேஸ்வரியோடு வாசுதேவநல்லூருக்குப் போனார். அங்கே நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. கூடப் போனவருக்கு வாய் இருக்கிறது. அண்ணாச்சி வாசலிலேயே நின்று, செருப்பைப் பார்த்தபடி, “தப்பு எம்மேலதான் மதினி. பாதிப் படத்துல தூங்கிட்டேன். பாக்காததப் பாத்தேன்னு சொல்லிட்டேன். பிள்ள வாழ்க்கையக் கெடுத்துராதிய” என்றார்.

“எதுக்குத் தூங்குனிய?”

“அருவியில குளிச்சேன்… பெறவு பிரியாணி…”

மாடத்தியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “குளிச்சிட்டுப் பிரியாணி தின்னா எமனே தூங்கிருவான்! உள்ள வாங்க அண்ணாச்சி” என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் நடந்தும் அண்ணாச்சியின் வெட்கம் தீரவில்லை. திங்கட்கிழமைகளில் “என்ன படம் அண்ணாச்சி?” என்று கேட்டால், மின்விசிறியைப் பார்ப்பார். “என்ன புத்தகம்?” என்றால், சரக்கு அறைக்கு எழுந்துபோவார். அவர் பார்ப்பது நிற்கவில்லை, சொல்வதுதான் நின்றது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் கொட்டகைக்குள் நுழைவதையும், விளக்குப் போட்ட பிறகே எழுந்து வருவதையும் டிக்கெட் கிழிக்கும் பெலிக்ஸ் எங்களிடம் சொல்லாமல் இல்லை.

அண்ணாச்சி! ஒரு பொய்யைச் சொன்னவர் என்று தங்களைத் தாங்கள் நினைத்திருக்கிறீர்கள். அதை ஒப்புக்கொள்ளவே பஸ் ஏறிப் போனவர் என்றுதான் நாங்கள் நினைத்திருக்கிறோம். எங்கள் டீ ஒரு வருடமாக ருசிக்கவில்லை. கண்ணொளி குன்றாமல், கால்வலி காணாமல், நூறாண்டு நூலோடும் படத்தோடும் நீவிர் நிறைவாக வாழ்க!

ஒரு விண்ணப்பம். இன்று மாலை ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் கிளம்புகிறோம். இங்கே முன்வரிசையில் இருக்கும் மாடத்தியம்மாளும் அபியும் கூட வருகிறார்கள். எந்தப் படமென்று இன்னும் முடிவாகவில்லை. தாங்கள்தான் மைக்கில் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் இலை போடக்கூடாதென்று மாடத்தியம்மாள் சமையல்காரரிடம் சொல்லிவிட்டார்.

பசியோடு காத்திருக்கும்,
மலைச்சாரல் கூட்டுறவுப் பண்டகசாலை ஊழியர்கள்,
தென்காசி.