ஐயரின் பூணூல் சாட்சி

"முருகனைத் தூக்கப்போய் என்ரை நட்டஈடு போகப்போகுது, அண்ணை."

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகர டிராமில் என் முன்னிருக்கையில் இருந்தவர் தம் நண்பரிடம் இவ்வாறு முறையிட்டார். தடுப்பூசி போட்ட நாள்முதல் அவருக்கு இடக்கை உயர்வதில்லையாம்; அதற்கு நட்டஈடு கேட்டிருக்கிறாராம்.

"திருவிழாவிலை வலத் தோளிலைதான் சாமி காவினனான். மச்சான் முன்னாலை நிண்டு எடுத்த செல்ஃபியிலை இடத் தோள் மாதிரித் தெரியுது. நட்டஈடு குடுக்கிற கந்தோரிலை அதைக் கண்டிட்டினம்."

நண்பர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"பக்கத்திலை ஐயரைப் பார். பூணூல் வலத் தோளிலை கிடக்குது. திருவிழாவிலை எந்த ஐயர் அப்பிடிப் போடுவார்? படம்தான் இடம்வலம் மாறியிருக்கு."

"இதை ஜெர்மன் பாசையிலை எப்பிடி விளங்கப்படுத்துறது?"

"விளங்கப்படுத்தாதை. ஐயரையே கூட்டிக்கொண்டு போ. கந்தோர் வாசலிலை சட்டையைக் கழட்டச் சொல்லு."

வாய்விட்டுச் சிரித்தவர், தம் இடப்பக்கமிருந்த இறங்கும் பொத்தானை, உடலை முழுதும் திருப்பி வலக்கையால் அழுத்தினார்.