பழைய ஸ்கேனரின் நிறம்

எனக்கு எந்த நிறமும் மறக்காது. தையலுக்கு நூல் தீர்ந்துபோனால் அக்கா என்னைத்தான் கடைக்கு அனுப்புவாள். துணியை எடுத்துப் போகாமலே அச்சு அசலாக அதே பச்சையில் நூல்கண்டு வாங்கி வருவேன். "உன் கண்ணுல என்னடா வச்சிருக்கே?" என்று சிரிப்பாள். இந்த வேலைக்கு என்னை எடுத்ததும் அந்தக் கண்ணை நம்பித்தான், சார்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் நோயாளியின் சதைத் துணுக்கை மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். நோய் பிடித்த செல்கள் பழுப்பாகும். மற்றவை நீலம். தகட்டை நான் ஸ்கேன் செய்வேன். பெரிய டாக்டர் மாடியில் தன் திரையில் பார்த்து முடிவு எழுதுவார். தகட்டில் உள்ள நிறமே திரையிலும் தெரிய, நடுவில் ஒரு கோப்பு வேலை செய்யும். கலர் புரொஃபைல் என்போம். பழைய ஸ்கேனர் வந்த புதிதில் அதற்கு அதைச் செய்தவன் நான்.

புது ஸ்கேனர் வந்த அன்று டாக்டரே கீழே இறங்கி வந்தார்.

"எனக்குப் பழைய மாதிரியே தெரியணும்ப்பா. என் கண்ணு அதுக்குப் பழகிடுச்சு. புதுசா எதையும் கிளப்பிவிடாதே."

பழைய புரொஃபைலைப் புதுசுக்குப் பொருத்தினால் போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகடு வேண்டுமே என்று அக்காவுடையதை எடுத்தேன். போன மாதம் அவள் மார்பிலிருந்த சின்னக் கட்டியிலிருந்து எடுத்தது. ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். தெரிந்த தகடு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பழைய ஸ்கேனரில் எல்லாம் நீலம். புதியதில் இடது ஓரம் முழுக்க வெளிறிய பழுப்பு.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பழுப்புதான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்கேனரின் விளக்கு அரை மணி நேரம் சூடேறிய பிறகுதான் நிறத்தை அளந்து புரொஃபைல் செய்ய வேண்டும். பழைய ஸ்கேனருக்குச் செய்த அன்று சினிமாவுக்கு நேரமாகிவிட்டதால் விளக்கைப் போட்டவுடனே அளந்திருந்தேன். சூடேறாத விளக்கு மஞ்சளடிக்கும். அந்த மஞ்சளைக் கழிக்கும்படி புரொஃபைல் அமைந்துவிட்டது. விளக்கு சூடேறிய பிறகும் அது கழித்துக்கொண்டேதான் இருந்தது. ஆறு வருடமாக வெளிறிய பழுப்பெல்லாம் நீலமாகவே மாடிக்குப் போயிருக்கிறது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அக்காவின் தகட்டைப் பற்றி மட்டும் தனியாக வாய் திறக்க முடியாது. எப்படித் தப்பியது என்று கேட்பார்கள், ஆறு வருடத் தகடுகளும் வெளியே வரும், என் குட்டு உடையும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்தேன். புது ஸ்கேனரின் பழுப்பு பழையதன் நீலத்தோடு ஒத்துப்போகும்வரை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சரிசெய்தேன். "அப்படியே இருக்கேப்பா" என்று டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா கேட்டாள். "கட்டி பெருசான மாதிரி இருக்குடா. வேற எங்கேயாவது காட்டட்டுமா?"

"நானே ஸ்கேன் பண்ணேன்க்கா. ஒண்ணும் இல்ல."

"நீ பாத்தா சரிதான்" என்று ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாட்டிக்கொண்டது நான்தான், சார். மாதம் ஒருமுறை 'மறுபடி அளக்கவா?' என்று ஸ்கேனர் கேட்கும். 'பிறகு' என்று அழுத்துவேன். வேறு யாராவது 'சரி' என்று அழுத்தி, பழுப்பு பழுப்பாகவே தெரிய ஆரம்பித்துவிட்டால்? அதனால் பதினான்கு மாதம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. காய்ச்சலோடு போனேன். அக்காவை அடக்கம் செய்த அன்றும் மதியத்துக்கு மேல் போனேன்.

போன வாரம் டாக்டரின் திரை கெட்டுப்போய், அவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி ஆகிவிட்டது. இல்லாவிட்டால் நீங்கள் என்னை விசாரிக்க வந்திருக்க மாட்டீர்கள்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். எண்ணவில்லை. பழைய ஸ்கேனரில் நடந்தது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். புது ஸ்கேனரில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, சார். விளக்கு சூடேறட்டும் என்று முழுசாக அரை மணி நேரம் காத்திருந்துதான் அளந்தேன்.