மாப்பிள்ளைக் கத்தி

இந்த இரங்கற் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் தலைவர் அவர்களே! ஏரியிலே பிறந்து ஏரியிலே நரைத்த பெரியோர்களே! கரையைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன தாய்மார்களே! பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கும் கருவாட்டு வியாபாரி பக்கீர் முகம்மது பாய் அவர்களே! கனத்த நெஞ்சோடு கைகூப்புகிறேன்.

நம் திருமலை போய்விட்டான். காற்றா கொன்றது? ஏரியா கொன்றது? படகு கவிழ்ந்தது, வலை காலைச் சுற்றியது. கையிலே கத்தி இருந்தது. அன்று காலையில்தான் சாணை பிடித்த கத்தி! பிறகு ஏன் மூழ்கினான்?

அங்கே யாரோ தலையெழுத்து என்கிறீர்கள். ஐயா, ஆண்டவன் மேல் பழி போடாதீர்கள். இதோ மேசைமேல் கிடக்கிறது, இந்தக் கத்தியைக் கேளுங்கள்.

பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கத்தி கொடுப்பது நம் குப்பத்து வழக்கம். கத்தி கனத்தால் மரியாதை, மெலிந்தால் மானக்கேடு! முன்வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் அரசப்பன், தன் மகள் கங்கம்மாளுக்குத் திருமலையை மணமுடித்தபோது, எளாவூர் போய் லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கிவந்து அடித்துக் கொடுத்தார். கத்தியின் முதுகு சுண்டுவிரல் தடிமன். ஊரே வாயைப் பிளந்தது, நானும்தான். பருத்தி வலைக்கு அது போதும். போன வருஷம் நைலானுக்கு மாறினோமே, வலையை மாற்றிய நாம் கத்தியை மாற்றினோமா?

கூடப்போய் உயிர்தப்பிய தம்பி சேகர் என்னிடம் சொன்னான்: "அண்ணன் அறுத்துக்கினேதான் இருந்துச்சு. மேல நாலு இழை போச்சு. அப்பால கத்தி உள்ள எறங்கல."

எப்படி இறங்கும்? வாயிலே கூர்மை, வாய்க்கு மேலே ஆப்பு போலத் தடிப்பு! சுற்றுச் சுற்றாய் இறுகிய நைலானில் அது மாட்டிக்கொண்டது. உடலைக் கரைசேர்த்தபின், அன்று கருவாடு வாங்க வந்திருந்த பாய் தம் கடைக் கத்தியை எடுத்தார். தகடு போன்ற மெல்லிய கத்தி, முதுகிலிருந்து வாய்வரை இரு முகமும் சரிவாகத் தேய்த்தது. ஒரே இழுப்பு, வலை அறுந்தது. அறுந்து என்ன பயன்? பாய் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

கனம் வேண்டுமா? கட்டை பிளக்க வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு வேண்டியது மெலிவு! முதுகு மெலியட்டும், முகம் சரியட்டும், மூழ்குகிறவன் மூச்சு மிஞ்சட்டும்!

வருகிற தையில் கங்கம்மாளின் தங்கைக்குக் கல்யாணம். அதற்கும் பட்டை வாங்கி வைத்துவிட்டார் அரசப்பன். கட்டிய தாலியைக் கழற்றிய கங்கம்மாள் நேற்று அப்பனைக் குறை சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்: "நைனா, தங்கச்சி ஊட்டுக்காரருக்கு மெல்லிசா அடிச்சுக் குடு. ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது."

சிரிக்கப்போகிறவர்கள் இந்தப் பந்தலில் இருந்தால், இப்போதே எழுந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

யாருமில்லை. திருமலைக்கு என் கடைசி வணக்கத்தையும், மெல்லிய கத்தி அடிக்கப்போகும் அரசப்பனாருக்கு நம் எல்லாருடைய வணக்கத்தையும் வைத்து அமர்கிறேன்.