பை உட்காரும் பெஞ்சு

"நான் செஞ்ச பெஞ்சுல ஆளு உக்கார மாட்டேங்காவ மைனி. பைதான் உக்காந்திருக்கு."

விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் போனிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"எது, ரேஷன் கடை வாசல்ல போட்டியே, அதா?" என்றாள் பக்கத்திலிருந்த மைனி, அவளுடைய அண்ணி.

"அதேதான். பழைய சைக்கிள் கம்பி, பனஞ்சட்டம். பிளாஸ்டிக் துளிகூடக் கிடையாது, மழைக்கும் தாங்கும். ஆனா எல்லாரும் வரிசைக்கு இடம்பிடிக்கப் பைய அதுமேல வச்சிட்டு, எதுத்தாப்ல வேப்பமரத்தடில போயி நிக்காவ."

"பெஞ்ச மரத்தடிக்கு நவுத்த வேண்டியதுதான?"

"நவுத்தியாச்சு. வரிசையும் அங்கன வந்துட்டு. மறுபடி பையத்தான் ஏத்தி வைக்காவ."

மைனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இப்ப என்ன செய்யப் போற?"

"பெஞ்சுக்குப் பின்னால வரிசையா கொக்கி அடிக்கப் போறேன். பை தொங்கட்டும், ஆளு உக்காரட்டும்."

"பின்னாலயா? தன் பைய எவளாவது தள்ளிவிட்டுருவாளோன்னு, அதப் பாத்துக்கிட்டே நிப்பாவட்டி."

கல்லிடைக்குறிச்சியில் பஸ் நிற்குமுன்பே சன்னல் வழியாக ஒரு கை நீண்டு, அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பையைப் போட்டது.

"தள்ளி உக்காருட்டி," என்று மைனி பைக்கு இடம் விட்டாள்.