வியட்நாம் போன தூக்குச்சட்டி

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகும் பேருந்தில் மண்டபம் வரை தூங்கிக்கொண்டு வந்தேன். முன்சீட்டுப் பெண் தன் அக்காவிடம் சொன்னதைக் கேட்டபின் எங்கே தூங்குவது?

“மாடியில குடியிருந்த அமெரிக்கா டீச்சர், என் தூக்குச்சட்டியோட வியட்நாம் போயிட்டா லாத்தா.”

“களவாண்டுட்டாளா?”

“சே, அப்படிப்பட்டவ இல்ல. வந்த புதுசுல நோன்புக்கஞ்சி குடுத்துவிட்டேன். கழுவி வெறுஞ்சட்டியாத் திருப்பித் தந்தா. நம்ம பக்கம் அப்படித் தரக்கூடாது, நாலு பேரீச்சம்பழமாச்சும் போட்டுத் தரணும்னேன். அதுக்கப்புறம் வெறுஞ்சட்டியா வந்ததே இல்ல. லீவு விட்டா ஏதாச்சும் ஒரு ஊருக்கு ஓடிருவா. இலங்கை போனா தேயிலை, தாய்லாந்து போனா புளிமிட்டாய், எல்லாம் அந்தச் சட்டியிலதான் வரும்.”

“இப்ப என்னாச்சு?”

“வியட்நாம்ல வேற பள்ளிக்கூடத்துல வேலை கெடச்சிருச்சு. ரெண்டே நாள்ல கெளம்பிட்டா. சட்டியில போட ஒண்ணுமில்லைன்னு கையோட கொண்டுபோயிட்டா. நெறச்சுக்கிட்டு வாரேன்னு மெசேஜ் போட்டிருக்கா.”

“எப்ப வாராளாம்?”

தங்கை கைபேசியைத் திறந்து பார்த்தார், அணைத்தார், மறுபடி திறந்தார். அதற்குள் பாம்பன் பாலம் முடிந்துவிட்டது.

“அட விடுடி, எறங்குனதும் பாத்திரக்கடையில புதுசு ஒண்ணு வாங்கிக்க.”

“வேணாம் லாத்தா. வாங்கிட்டா, அவ வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்.”